பத்து நிமிஷக் கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளறையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். என் மகள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருப்பதிலேயே மெல்லிசான முதல் கம்பி அறுந்து, சுருண்டு, தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு கம்பிதானே, மாத்திட்டா போச்சு" என்றேன்.

"இல்லப்பா, மிச்ச அஞ்சும் துருப்பிடிச்சுக் கிடக்கு. ஒண்ணை மட்டும் புதுசா போட்டா அது மட்டும் தனியா கத்தும். ஆறையும் மாத்தணும்னு மாஸ்டர் போன வாரமே சொல்லிட்டார்."

கிட்டாரை சினிமாவில் மட்டுமே பார்த்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அதன் தலையில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு திருகுகள் இருக்கும். ஒவ்வொரு திருகுக்கும் உள்ளே புரி போட்ட ஒரு சின்னத் தண்டு. அது ஒரு பல் சக்கரத்தைச் சுற்றும். பல் சக்கரம் கம்பி சுற்றிக்கொள்ளும் முளையைச் சுற்றும். மகளுடைய கிட்டாரில் திருகை 14 முறை சுற்றினால்தான் முளை ஒரே ஒரு முறை சுற்றும். சில கிட்டார்களில் 18 முறை. வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் மயிரிழை அளவு கூட்டிக் குறைத்துச் சுதி சேர்க்க முடியும்.

புதுக் கம்பி நழுவாமல் இருக்க முளையில் இரண்டரைச் சுற்றாவது சுற்ற வேண்டும். இரண்டரையை 14-ஆல் பெருக்கினால் 35. நம் விரல்கள் ஒரு பிடிப்பில் அரைச் சுற்றுதான் திருகும். ஆக 70 திருகல். ஆறு கம்பிக்கு 420. பழைய கம்பியைக் கழற்றும் திருகல் தனி. நான் பி.காம். படித்தது வாழ்க்கையில் உபயோகப்பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு. இது அதில் ஒன்று.

அன்றைக்கு 420-ஐயும் நான்தான் திருகினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளைப் பிரித்து வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். 25 நிமிஷம் ஆயிற்று. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சிவந்துபோயின.

இந்த வேலைக்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்களின் முன்னால் நின்று கைப்பிடியைச் செருகிச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார்களே, அதன் குட்டி வடிவம். திருகின் மேல் மாட்டிச் சுற்ற வேண்டியதுதான். ஒரு கை சுழற்றலில் ஒரு முழுச் சுற்று. கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. வாங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இதை நாமே செய்தால் என்ன?

வீட்டில் கதவு வேலை நடந்தபோது மிஞ்சிய தேக்குத் துண்டு பரணில் கிடந்தது. அதில் திருகு நுழைகிற அளவுக்கு ஒரு காடி எடுக்க வேண்டும். முதல் துண்டில் காடி அகலமாகிவிட்டது. திருகு உள்ளே லொடலொடவென்று ஆடியது. இரண்டாவது துண்டு, துளை போடும்போது மரத்தின் ரேகையோடு இரண்டாகப் பிளந்தது. மூன்றாவதுதான் தேறியது. திருகில் கீறல் விழக்கூடாது என்று காடிக்கு உள்ளே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். அடுத்தது கைப்பிடி. ஒரு மரச்சட்டத்தின் நுனியில் போல்ட்டை மாட்டி, அதில் மனைவியின் தையல் டப்பாவிலிருந்து காலியான நூல்கண்டு ஒன்றைக் கோர்த்தேன். இரண்டு பக்கமும் வாஷர். சுற்றும்போது நூல்கண்டு கைக்குள் தன்பாட்டுக்கு உருளும். கடைசியாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. என் நேரத்துக்கு விலை போட்டால் அந்தச் சாமான் பத்து பிளாஸ்டிக் சாமான்களின் விலை பெறும். "பத்து நிமிஷம் மிச்சம் பண்றதுக்கு மூணு நாளா?" என்று மனைவி கேட்டாள். இது நீண்டகால முதலீடு என்றேன். பி.காம். படித்தவர்கள் மாட்டிக்கொண்டால் சொல்கிற பதில் அது.

இரண்டு மாதம் கழித்து அடுத்த தடவை கம்பி மாற்ற வேண்டி வந்தது. சாமான் அற்புதமாக வேலை செய்தது. ஐந்து கம்பிகள் மளமளவென்று ஏறின. அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டில் பேட்டரி டிரில் ஒன்று இருந்தது. பிளந்துபோன இரண்டாவது துண்டைப் பசை போட்டு ஒட்டி, டிரில்லில் மாட்டுகிற மாதிரி நடுவில் ஒரு போல்ட்டையும் இறுக்கி வைத்திருந்தேன். கையால் சுற்றினாலே இவ்வளவு வேகம் என்றால் மோட்டாரில் எவ்வளவு வேகம் இருக்கும்? பாக்கி இருந்த முதல் கம்பியில் வைத்து டிரில்லை அழுத்தினேன்.

நான்கு விநாடி. கம்பி தளர்ச்சி நீங்கி, நேராகி, 'கீ' என்று உச்சத்துக்குப் போய், பட்டென்று அறுந்தது. அறுந்த நுனி சாட்டை மாதிரி வந்து, கிட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்த மகளின் மணிக்கட்டில் விழுந்தது. கத்தி கீறினாற்போல் சிவப்பாக ஒரு கோடு. ஒரு ஜாண் மேலே பட்டிருந்தால் கண்.

அப்புறம்தான் யோசித்தேன். இந்த மாதிரிக் கிட்டாரில் சுதி சேர்த்து நிற்கிற ஒவ்வொரு கம்பியும் சுமார் பத்து கிலோ இழுவிசையில் நிற்கிறது. ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 70 கிலோ. ஓர் ஆளைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. விரலால் திருகும்போது கம்பி எதிர்ப்பது விரலுக்குத் தெரியும். நான் செய்த கைச் சாமானிலும் தெரிந்தது. மோட்டாருக்குத் தெரியாது. எப்போது நிறுத்த வேண்டும் என்கிற தகவல் அதற்குள் இல்லை. அதைச் சொல்லவேண்டிய என் கையையும் நான் விலக்கிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு மகளைக் கொண்டுபோய் விட்டபோது மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். எழுபது வயதுக்காரர். எழுபதுகளில் மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர். இப்போது வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் உண்மையைச் சொல்லி, பையிலிருந்த தேக்குச் சாமானையும் எடுத்துக் காட்டினேன். டிரில் கதைக்கு அவர் சிரிக்கவில்லை. சாமானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல்கண்டை உருட்டிப் பார்த்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. இதனால எவ்வளவு நேரம் மிச்சம் சார்?"

"பத்து நிமிஷம் மாஸ்டர்."

"அந்தப் பத்து நிமிஷத்துல என்ன பண்ணீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரே தொடர்ந்தார். "எங்க காலத்துல புதுக் கம்பி கிடைக்கிறதே கஷ்டம். பழைய கம்பியைக் கழட்டி, வெந்நீர்ல போட்டு கொதிக்க வெச்சு, அழுக்கு எடுத்து, மறுபடி மாட்டுவோம். ரெண்டு கச்சேரிக்குத் தாங்கும். கம்பியைச் சுத்தச் சுத்த அது மெள்ள மேல ஏறி வரும் பாருங்க, அதைக் காது கேட்டுக்கிட்டே இருக்கும். கம்பி மாத்தும்போதுதான் சார் கிட்டாரை முழுசா பாப்போம். எங்க தேஞ்சிருக்கு, எங்க விரிசல் விட்டிருக்குன்னு அப்பதான் தெரியும்."

திரும்பி வரும்போது அவர் கேள்விக்குப் பதில் தேடினேன். என்ன செய்தேன் அந்தப் பத்து நிமிஷத்தில்? நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகள் கையில் மருந்து போட்ட பிறகு செல்போனை எடுத்து, யாரோ இரண்டு பேர் யாருக்காகவோ போட்டுக்கொண்ட சண்டையைப் படித்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. முதல் தடவை, கையால் 420 திருகல் போட்ட அன்றைக்கு, மூன்றாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் நடுவில் எங்கேயோ, மகள் தலையைத் தூக்காமலே ஒரு விஷயம் சொன்னாள். நாலு வருஷமாக அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்த சிநேகிதி இரண்டு வாரமாக அவளோடு பேசுவதில்லை என்று. நான் "ஏம்மா?" என்று மட்டும் கேட்டேன். நான் திருகிக்கொண்டே இருந்தேன், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நேருக்கு நேர் உட்கார வைத்து, "ஸ்கூல்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லே" என்று சொல்கிற வயது அது. சாமான் வந்த அன்றைக்கு அப்படிப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. நடக்க நேரமும் இல்லை.

அப்படியானால் நான் மிச்சப்படுத்தியது எதை?

இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழைய சீனப் புத்தகம் ஒன்று உண்டு. சுவாங்ட்சு என்ற ஞானியின் பெயரால் வழங்குவது. அதில் ஒரு கதை. கன்ஃபூஷியஸின் சீடர் ஒருவர் பயணம் போகும்போது வழியில் ஒரு கிழவரைப் பார்க்கிறார். கிழவர் கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் தண்ணீர் மொண்டு, ஏறி வந்து, பாத்தியில் ஊற்றுகிறார். மறுபடி இறங்குகிறார். சீடருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, இதற்கு ஒரு சாதனம் இருக்கிறது. பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் லேசாகவும் மரத்தில் செய்வது. ஒரே நாளில் நூறு பாத்திக்குப் பாய்ச்சலாம்" என்கிறார். கிழவருக்கு முதலில் கோபம் வருகிறது, பிறகு சிரிப்பு வருகிறது. அந்தச் சாதனம் தனக்கும் தெரியும் என்கிறார். ஆனால் பொறி வந்தால் பொறி வேலை வரும், பொறி வேலை வந்தால் மனசும் பொறியாகிவிடும், அதனால் உபயோகிக்க வெட்கப்படுகிறேன் என்கிறார்.

அந்தச் சாதனம் என்ன தெரிகிறதா? நம்ம ஊர் ஏற்றம்!

எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாம் எதை நினைத்து ஏங்குகிறோமோ, எதன் பாட்டுகளை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய்த் தொகுத்தார்களோ, அந்த ஏற்றம் அந்தக் கிழவருக்கு மனசைக் கெடுக்கிற மிஷின். பம்புசெட் வந்தபோது ஏற்றப்பாட்டு போயிற்றே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஏற்றம் வந்தபோது எது போயிற்று என்று வருத்தப்படவும் ஒருத்தர் இருந்திருக்கிறார். கிட்டாரும் அப்படித்தான். வீணையில் இன்றைக்கும் வெறும் மரப் பிருடைதான். இறுக்கத்தால் மட்டுமே நிற்கும். கிட்டாரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பல் சக்கரம் வைத்த திருகு பிற்பாடு வந்த வசதி. நான் சபித்த அந்த 14-க்கு ஒன்று என்கிற கணக்கே, யாரோ ஒருவர் இன்னொருவருக்கு வேலையைச் சுலபமாக்கச் செய்ததுதான்.

இத்தனை தெரிந்தும் மனசு சமாதானமாகவில்லை. சாமானை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அடுத்த முறை கையால்தான் திருகப்போகிறோம், மகளோடு பேசப்போகிறோம் என்று தீர்மானம்.

அந்த அடுத்த முறையும் வந்தது. நான் நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொரு திருகலாகப் போட ஆரம்பித்தேன். மகள் இரண்டு நிமிஷம் பார்த்தாள். "அப்பா, அந்த டூல் எங்கே?"

"இருக்கு. கையால பண்ணலாமேன்னு..."

"அப்பா, நாளைக்கு கிரேடு எக்ஸாம். புதுக் கம்பி கொஞ்சம் இழுத்து செட்டாகணும். வாசிச்சுப் பாக்கணும். சீக்கிரம் குடுங்களேன்!"

நீ மனம் விட்டுப் பேசுவதற்காகத்தான் மெதுவாகத் திருகுகிறேன் என்று சொல்ல முடியுமா? டிராயரைத் திறந்து சாமானை எடுத்துக் கொடுத்தேன். அவளே மாட்டிக்கொண்டாள். எனக்குப் பிடித்த தத்துவத்துக்காக அவளுடைய நேரத்தைச் செலவழிக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கு அடுத்த வாரம் வகுப்பு முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, மாஸ்டர் உங்ககிட்ட கேக்கச் சொன்னார். அந்த டூல் மாதிரி அவருக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமான்னு" என்றாள்.

"யாரு, மாஸ்டரா?"

"ஆமா. அவருக்குக் கட்டை விரல் மூட்டு ரொம்ப நாளா வலியாம். திருகவே முடியலையாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

(அதை இங்கே எழுதுவதற்கு அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "பேர் போடாம எழுதுங்க" என்றார்.)

அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய கிட்டாரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பிகள் கறுத்து, துரு ஏறிக் கிடக்கும். பெரிய வித்வான்கள் பழைய கம்பியைத்தான் விரும்புவார்களாக்கும் என்று நினைத்திருந்தேன். காரணம் வலி. 420 திருகல் எனக்கு அலுப்பு. அவருக்கு அது முடியாத காரியம். மாணவர்களிடம் சொன்னால் ஓடிவந்து மாற்றிக் கொடுப்பார்கள். அவருக்குச் சொல்ல வெட்கம்.

அன்றைக்கு அந்தச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நேரம் நூல்கண்டை உருட்டிப் பார்த்தாரே, அது ஏன் என்று இப்போது புரிந்தது. 'பார்த்தாயா, உபதேசம் பண்ணியவரே கேட்டு அனுப்பியிருக்கிறார்' என்று ஒரு கணம் உள்ளுக்குள் ஜெயித்த மாதிரி ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை. வந்த வேகத்தில் போகவும் செய்தது. ஏனென்றால், எங்கள் வீட்டு அம்மிக் கதை நினைவுக்கு வந்துவிட்டது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மிக்ஸி வாங்கினோம். அப்பா ஆறு மாதம் குறை சொன்னார். "என்ன இருந்தாலும் அம்மியில அரைச்ச ருசி வராது." உண்மைதான், வரவில்லை. ஆனால் அப்பா ஒரு நாளும் அம்மி முன்னால் உட்கார்ந்ததில்லை. இருபது வருஷம் உட்கார்ந்த அம்மா, மிக்ஸியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் துடைத்துத் துணி போட்டு மூடி வைப்பாள். சுவாமி படத்துக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை அதற்குத்தான். கஷ்டத்தின் மகிமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கஷ்டத்தைப் படாதவர்கள். நானும் அந்த வகைதான். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை கம்பி மாற்றுகிறவன், வலியில்லாத விரல்களை வைத்துக்கொண்டு, மெதுவாகத் திருகுவதன் அழகைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மிஷின்களை ஒரேயடியாக எதிர்த்தவர் என்று நாம் நினைக்கிற காந்தியிடம் 1924-ல் ஓர் இளைஞர் இதைக் கேட்டிருக்கிறார். பின்னாளில் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. ராமச்சந்திரன்தான் அந்த இளைஞர். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்பது கேள்வி. இல்லை, இந்த உடம்பே ஓர் இயந்திரம்தானே, ராட்டையும் இயந்திரம்தானே, நான் எதிர்ப்பது இயந்திரப் பைத்தியத்தை என்கிற மாதிரி பதில் சொன்னார் காந்தி. விதிவிலக்காக அவர் காட்டிய உதாரணம் தையல் மிஷின். மனைவி குனிந்து குனிந்து தைப்பதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் உள்ள அன்பினால் அதைச் செய்தார் என்றார்.

நிஜ ஐசக் சிங்கர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில் சரியாக ஓடாத தையல் மிஷினைப் பார்த்து, காசு பண்ணலாம் என்று இறங்கி, 1851-ல் காப்புரிமை வாங்கினவர். குடும்ப விஷயத்தில் உதாரண புருஷரும் இல்லை. ஆனால் காந்தி சொன்ன அளவுகோல் அதனால் பொய்யாகிவிடாது. குனிந்திருக்கிற ஆளைப் பார்த்துச் செய்தாயா என்பதுதான் அந்த அளவுகோல். வெறும் பேச்சாகவும் அவர் அதை விடவில்லை. 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம், நூற்பவர் வீட்டிலேயே வைத்து நூற்கும்படியான நல்ல ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! கையால் நூற்பதைத் தவம் மாதிரிச் சொன்னவர்களே, அந்தக் கை கொஞ்சம் குறைவாக வலிக்கட்டும் என்று பரிசு கொடுக்க முன்வந்தார்கள்.

அந்த அளவுகோலில் என் கணக்கைச் சரிபார்த்தேன். முதல் சாமானை நான் யாரைப் பார்த்துச் செய்தேன்? என் சாமர்த்தியத்தைப் பார்த்து. டிரில்லில் மாட்டியதை? சந்தேகமே இல்லை, வேகத்தைப் பார்த்து. எதிரில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணை நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் கோடு அவள் கையில் விழுந்தது.

மாஸ்டருக்கான சாமானைச் செய்யும்போதுதான் முதல் தடவையாக ஒரு கையைப் பார்த்துச் செய்தேன். அவரிடம் போய், கையை நீட்டச் சொல்லி, எப்படிப் பிடித்தால் வலிக்கிறது, எப்படிப் பிடித்தால் வலிக்கவில்லை என்று கேட்டேன். மெல்லிய கைப்பிடியை அவரால் பிடிக்க முடியாது. விரல்களைக் குவித்தால் வலி. உள்ளங்கையால் உருட்டினால் வலி இல்லை. ஆகவே நூல்கண்டுக்குப் பதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மரக் குமிழ். அதன் மேல் சைக்கிள் ட்யூப். சட்டத்தையும் இரண்டு அங்குலம் நீளமாக்கினேன். சட்டம் நீண்டால் கைக்குப் பலம் குறைவாகப் போதும். இதற்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆயிற்று.

கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரிலிருந்த பழைய கிட்டாரை இறக்கினார். நான் உதவிக்குப் போனேன். "வேணாம் சார், உக்காருங்க" என்றார். கறுத்த கம்பிகளைத் தளர்த்தி எடுத்தார். கம்பியில்லாத கிட்டாரைத் துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாகப் போட்டு, குமிழை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கம்பி தொளதொளவென்று இருக்கும்வரைதான் சாமான். தளர்ச்சி நீங்கி, தட்டினால் சத்தம் வருகிற நிலைக்கு வந்ததும் சாமானை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். மிச்சத்தை வலிக்கிற விரலாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, காதைக் கிட்டே வைத்துக்கொண்டு.

"அதையும் இதாலயே பண்ணலாமே மாஸ்டர்?"

"அது வரைக்கும் வேலை சார். இதுக்கப்புறம் வாத்தியம்."

இந்தக் கோட்டை எல்லோரும் ஒரே இடத்தில் போடுவதில்லை. அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி 2007-ல் தானாகவே சுதி சேர்த்துக்கொள்கிற 'ரோபோ கிட்டார்' ஒன்றைக் கொண்டுவந்தது. திருகுகளுக்குள்ளேயே மோட்டார். 2015-ல் தன்னுடைய பெரும்பாலான கிட்டார்களில் அந்த வகைக் கருவியைப் பொருத்தியே விற்றது. வாசிக்கிறவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். கம்பெனி பின்வாங்கியது. ஆனால் மேடையில் பாட்டுக்குப் பாட்டு சுதி மாற்ற வேண்டியவருக்கோ, மாஸ்டரைவிட மோசமான விரல் உள்ளவருக்கோ அது வரப்பிரசாதம். கோடு எங்கே என்பதை அவரவர் கையும் காதும்தான் சொல்ல முடியும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஒரு வேலைக்குள் சுற்றலும் இருக்கிறது, கேட்டலும் இருக்கிறது. சுற்றலை மிஷினிடம் கொடுக்கலாம். எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தால் கேட்டலும் சேர்ந்து போய்விடும்.

மகளோடு பேசுவது போனது சாமானால்தான் என்று நினைத்தேனே, அதுவும் தப்புக் கணக்கு. கம்பி மாற்றுவது ஒரு சாக்கு. பேசுவதற்குச் சாக்கே இல்லாத வீடாக என் வீடு இருந்தது. அதற்குத் தேக்குத் துண்டைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

மாஸ்டர் அன்றைக்கு எனக்காக எதுவும் வாசிக்கவில்லை. ஆறு கம்பியையும் இழுத்துவிட்டு, இறங்கின சுதியைத் திரும்ப ஏற்றி, மறுபடி இழுத்து, மறுபடி ஏற்றி, அரை மணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு பிரகாசம். மிச்சமான நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று அவரைக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. கண் முன்னாலேயே செலவு பண்ணிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அன்னைக்கு நான் ஒண்ணு கேட்டேனே சார், ஞாபகம் இருக்கா? நீங்க பதிலே சொல்லலை."

"யோசிச்சிட்டு இருக்கேன் மாஸ்டர்" என்றேன்.

கணக்குப் பதிவியலில் ஒரு சமாச்சாரம் உண்டு. எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியாக ஒரு தலைப்பு போட்டு அதில் எழுதி வைப்பார்கள். பிற்பாடு விவரம் தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். ரொம்ப நாள் அதிலேயே விட்டு வைத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

வாஷிங் மெஷின் மிச்சப்படுத்தியது, மிக்ஸி மிச்சப்படுத்தியது, பாங்க் க்யூவில் நிற்காமல் செல்போன் மிச்சப்படுத்தியது, கடைசியாக அந்தத் தேக்குத் துண்டு மிச்சப்படுத்திய பத்து நிமிஷம். என் கணக்கில் எல்லாம் அந்தத் தலைப்பில்தான் கிடக்கிறது.

உங்கள் கணக்கில் எப்படி?